வேறோர் ஊரின் பெயர்

டெட்ராய்ட் நகரத்தின் லஃபாயெட் சாலையில் இரண்டு பழைய சாப்பாட்டுக் கடைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. இரண்டிலும் பேர்போனது ஒரே பண்டம்தான். மெத்தென்ற பன்னுக்குள் ஒரு சாசேஜ், அதன்மேல் கொத்துக்கறிக் குழம்பு ஒரு கரண்டி, கடுகுச் சாந்து ஒரு கோடு, பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒரு பிடி. இதை அந்த ஊரில் ‘கோனி’ என்கிறார்கள். கோனி ஐலண்ட் என்பது நியூயார்க் நகரத்தின் கடற்கரை. மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட்டிலிருந்து சாலை வழியே அங்கே போக ஆயிரம் கிலோமீட்டர் கிட்ட ஆகும். சரி, நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லையோரம் இருக்கும் பிளாட்ஸ்பர்க் ஊருக்குப் போய் ஏறக்குறைய இதே பண்டத்தைக் கேட்டால்? அங்கே அதற்குப் பெயர் ‘மிச்சிகன்’.

நியூயார்க்கின் பெயர் மிச்சிகனில், மிச்சிகனின் பெயர் நியூயார்க்கில். இது ஏதோ இரண்டு ஊருக்குள் நடந்த தற்செயல் என்றுதான் முதலில் நினைத்தேன். தேடத் தேட அதே கதை தொடர்ந்தது. நியூ ஜெர்சியின் பாட்டர்சன் நகரில் இதன் உறவுக்காரப் பண்டம் ஒன்றுக்கு ‘டெக்சஸ் வீனர்’ என்று பெயர். டெக்சஸ்காரர்களுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இதை விற்கும் கடைகளின் பெயர்ப்பலகையில் ‘நியூயார்க் சிஸ்டம்’ என்று இருக்கும். நியூயார்க்கில் அப்படி ஒரு முறையே கிடையாது. தென் அமெரிக்காவின் சிலியில் ‘இத்தாலியானோ’. எல்லாவற்றுக்கும் மூத்தது ஐரோப்பாவில் இருக்கிறது. வியன்னாவின் தெருமுனைக் கடையில் அந்த மெல்லிய சாசேஜில் ஒரு ஜோடி வேண்டுமென்றால் ‘ஃபிராங்க்ஃபர்ட்டர்’ என்று கேட்கவேண்டும். ஜெர்மனியில் அதையே ‘வீனர்’ என்பார்கள், வியன்னாவுடையது என்று பொருள்.

உலகமெங்கும் ஊர்கள் தங்கள் பண்டத்துக்குத் தங்கள் பெயரைச் சூட்டிப் பெருமை கொள்கின்றன. இந்த ஹாட் டாக் மட்டும் பல இடங்களில் இன்னொரு ஊரின் பெயரைச் சுமக்கிறது. அது ஏன் என்று கேட்டால், பதில் அந்தச் சாசேஜுக்குள் நடக்கும் வேதியியலில் தொடங்குகிறது.

கோலா உருண்டை செய்கிறவர்களுக்கு ஒரு கவலை உண்டு. எண்ணெயில் போட்டதும் உதிர்ந்துவிடக் கூடாது. அதற்காகவே கொத்துக்கறியோடு பொட்டுக்கடலை மாவைச் சேர்த்துப் பிசைகிறோம். ஹாட் டாக் சாசேஜுக்குள் அப்படி மாவு எதுவும் இருந்தாக வேண்டியதில்லை. ஆனாலும் அதை வெட்டிப் பார்த்தால் கொத்திய இறைச்சியின் அடையாளமே தெரியாது. ஒரே சீரான வழவழப்பு. அந்த வழவழப்பை உண்டாக்குவது உப்பு.

தசை சுருங்குவதற்குக் காரணமான புரதங்களில் முக்கியமானது மயோசின். வெறும் தண்ணீரில் அது கரையாது. உப்புத் தண்ணீரில் கரையும். கொழுப்பில்லாத இறைச்சியை, கிலோவுக்கு ஏறக்குறைய 20 கிராம் உப்பு சேர்த்து நன்றாக அரைத்தால், தசை இழைகளுக்குள் அடைபட்டிருந்த மயோசின் வெளியே வந்து, கையில் ஒட்டும் பசையாகிறது. அதற்குப் பிறகு கொழுப்பைச் சேர்த்து அரைக்கிறார்கள். நீரும் கொழுப்பும் சேராது என்பது எல்லா அடுப்படியும் அறிந்ததுதான். தயிரைக் கடைந்தால் வெண்ணெய் தனியே திரள்வது அதனால். இங்கே மயோசின் நடுவில் புகுந்துகொள்கிறது. அந்தப் புரத மூலக்கூறின் சில பகுதிகள் கொழுப்பை நாடும், சில பகுதிகள் நீரை நாடும். கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு கொழுப்புத் துணுக்கையும் அது சுற்றிப் போர்த்தி, பக்கத்துத் துணுக்கோடு கலந்துவிடாமல் பிரித்து வைக்கிறது. பாலில் கொழுப்பு மிதப்பதைப் போன்ற ஒரு பால்மம். ஆனால் கெட்டியான பால்மம்.

இதில் மிக நுட்பமான காரியம் குளிர்ச்சி. அதிவேகமாகச் சுழலும் கத்திகளின் உராய்வில் இறைச்சி சூடேறும். ஏறக்குறைய 15 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கொழுப்பு இளகி, போர்வையைக் கிழித்துக்கொண்டு ஒழுகத் தொடங்கும். அப்படிப் பால்மம் முறிந்த சாசேஜை வேகவைத்தால் கொழுப்பு ஒரு பக்கம் தேங்கி, மீதி சக்கையாக நிற்கும். ஆகவே தண்ணீருக்குப் பதில் ஐஸைப் போட்டு அரைக்கிறார்கள். ஒரு கிலோ ஐஸ் உருக எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கப் போதுமானது. உருகிக்கொண்டே அத்தனை வெப்பத்தையும் ஐஸ் விழுங்கிவிடுகிறது. கடைசியில் சாசேஜை வேகவைக்கும்போது, முட்டை இறுகுவதைப் போல மயோசின் வலையாக இறுகி, கொழுப்பையும் நீரையும் தன் கண்ணிகளுக்குள் நிரந்தரமாகப் பிடித்து வைக்கிறது. கடிக்கும்போது வாயில் ஊறும் சாறு, அந்த வலையிலிருந்து விடுபடுகிற நீரும் கொழுப்பும்தான்.

இன்னொரு கேள்வி: வெந்த இறைச்சி பழுப்பாகத்தானே மாறவேண்டும், சாசேஜ் மட்டும் ஏன் இளஞ்சிவப்பாகவே இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பயங்கரம் ஒளிந்திருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதியில் சாசேஜ் சாப்பிட்டவர்கள் சிலர் விநோதமாக இறந்துகொண்டிருந்தார்கள். முதலில் பார்வை இரண்டு இரண்டாகத் தெரியும். கண்ணிமை தொங்கும். வாய் உலரும். பிறகு விழுங்க முடியாது, பேச முடியாது, இறுதியில் மூச்சுவிட முடியாது. அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். யூஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் இந்த மரணங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பதிவு செய்து 1820-லும் 1822-லும் நூல்களாக வெளியிட்டார். அவர் ஒரு கவிஞரும்கூட. கெட்டுப்போன சாசேஜிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சைத் தன் நாக்கிலேயே வைத்துச் சோதித்தார். காற்றுப் புகாத இடத்தில் இந்த நஞ்சு உருவாகிறது, நரம்புகள் தசைக்கு இடும் கட்டளையை இது தடுக்கிறது என்று, கிருமி என்ற கருத்தே உருவாகாத காலத்தில் சரியாகக் கணித்தார். மிகச் சிறிய அளவில் இதே நஞ்சு மருந்தாகலாம் என்றுகூட எழுதிவைத்தார்.

1895-இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் இறுதிச் சடங்குக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் பதப்படுத்திய பன்றித்தொடைக் கறி சாப்பிட்டு நோயுற்றார்கள். மூன்று பேர் இறந்தார்கள். அந்தக் கறியிலிருந்துதான் எமில் வான் எர்மெங்கெம் நஞ்சுக்குக் காரணமான கிருமியைப் பிரித்தெடுத்தார். சாசேஜைக் குறிக்கும் ‘போட்டுலஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து அந்த நோய்க்கு ‘போட்டுலிசம்’ என்று பெயர் வந்தது. இன்று முகச் சுருக்கம் நீக்க மருத்துவமனைகளில் ஊசியாகப் போடுகிறார்களே போடாக்ஸ், அது இந்த நஞ்சேதான். மாறுகண் சிகிச்சைக்காக அமெரிக்க அரசு அதை 1989-இல் அனுமதித்தபோது கெர்னரின் ஊகம் பலித்தது.

குடலுக்குள் இறுக அடைத்த இறைச்சியின் நடுப்பகுதியில் காற்று கிடையாது. அந்தக் கிருமிக்கு அதுவே தாய்வீடு. அதை அடக்கிவைத்தது, பழங்காலத்திலிருந்தே கறி பதப்படுத்துகிறவர்கள் உப்போடு சேர்த்துவந்த வெடியுப்பு. ஏன் சேர்க்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. சேர்த்தால் கறி சிவப்பாக இருக்கிறது, சீக்கிரம் கெடுவதில்லை என்பது மட்டும் தெரியும். வெடியுப்பில் உள்ள நைட்ரேட்டை, இறைச்சியில் இயல்பாக இருக்கும் வேறு நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த நைட்ரைட்தான் போட்டுலினம் கிருமியை முளைக்கவிடாமல் தடுப்பது. அதிலிருந்து பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு, இறைச்சியின் நிறமியான மயோகுளோபினின் இரும்போடு இணைந்து, வெந்தாலும் மாறாத இளஞ்சிவப்பைத் தருகிறது. இந்த நிறத்தின் வேதியியலை 1901-இல் விளக்கியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. ஆக, ஹாட் டாக்கின் சிவப்பு வெறும் அழகுக்கு வந்ததில்லை. காவல் இருக்கிறது என்பதற்கான கொடி அது.

இந்தக் காவலுக்கு ஒரு விலையும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. நைட்ரைட், புரதங்களின் சிதைவுப் பொருள்களோடு சேர்ந்து நைட்ரோசமைன் என்ற சேர்மங்களை உண்டாக்கலாம். அவற்றில் பல புற்றுநோயைத் தூண்டுபவை. பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் அறிவித்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அதன் மதிப்பீடு. ஒரு ஹாட் டாக் சாசேஜின் எடை கிட்டத்தட்ட அவ்வளவுதான். நைட்ரைட் சேர்க்கவில்லை என்று அச்சிட்ட சில பொட்டலங்களில் செலரிக் கீரையின் பொடி இருக்கும். கீரையில் உள்ள நைட்ரேட்டும் நைட்ரைட்டாகித்தான் வேலை செய்கிறது. எப்போதோ ஒருநாள் திருவிழாவில் சாப்பிடுவது வேறு, குழந்தையின் தினசரிப் பள்ளி டப்பாவில் வைப்பது வேறு.

இனி தோலுக்கு வருவோம். சாசேஜின் பாரம்பரிய உறை ஆட்டின் சிறுகுடல். அதன் உள்பக்கச் சவ்வையும் வெளிப்பக்கத் தசையையும் வழித்தெடுத்த பிறகு எஞ்சுவது, பெரும்பாலும் கொலாஜன் இழைகளால் ஆன கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய அடுக்கு. சூட்டில் அது சுருங்கி விறைக்கும். பல் பட்டதும் ‘டப்’ என்று உடைவது அதனால். ஹாட் டாக் ரசிகர்கள் உயிரை விடுவது அந்தச் சத்தத்துக்காக.

நியூ ஜெர்சியின் கிளிஃப்டன் நகரில் 1928 முதல் இருக்கும் கடை ஒன்றில், தோலோடு கூடிய சாசேஜைக் கொதிக்கும் எண்ணெயில் முழுசாகப் போட்டுப் பொரிக்கிறார்கள். உள்ளிருக்கும் நீர் ஆவியாகி முட்ட, தோல் கிழிந்துவிடும். அதனால் அதன் பெயரே ‘ரிப்பர்’, கிழிசல். கவனித்துப் பார்த்தால் அந்தக் கிழிசல் நீளவாக்கில்தான் ஓடும். வளையல்போல் குறுக்கே சுற்றி வெடிப்பதில்லை. சுட்டாலும் சரி, அவித்தாலும் சரி, எந்த நாட்டிலும் இப்படித்தான். பம்புசெட்டின் ரப்பர் குழாய் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும்போது பாருங்கள், அதுவும் நீளவாக்கில்தான் பிளக்கும்.

காரணம் எளிமையானது. குழாயைக் குறுக்கே பிய்க்கவேண்டுமென்றால், உள் அழுத்தம் தள்ள முடிவது குழாயின் சிறிய வட்டமான முனையை மட்டுமே. அதை எதிர்த்துப் பிடித்துக்கொள்ள முழு வளையத் தோலும் இருக்கிறது. நீளவாக்கில் பிளக்கவேண்டுமென்றால், அழுத்தம் குழாயின் முழு நீளத்துக்கும் குறுக்களவுக்கும் பரவிய பெரிய பரப்பில் தள்ளுகிறது. பிடித்துக்கொள்ள இரு பக்கமும் ஒவ்வொரு கோட்டளவு தோல்தான் உண்டு. கணக்குப் போட்டால், தோலைச் சுற்றுவட்டமாக இழுக்கும் விசை நீளவாக்கில் இழுப்பதைப்போல் சரியாக இரண்டு மடங்கு வரும். சாசேஜ் குட்டையா நெட்டையா, ஒல்லியா பருமனா என்பது இந்த விகிதத்தைக் கொஞ்சமும் மாற்றாது. நீராவிக் கொதிகலன் செய்கிற பொறியாளர் நீளவாக்குத் தையலைக் கூடுதல் வலுவோடு அடிப்பதும் இதே கணக்கை வைத்துத்தான்.

உருளை வடிவத்துக்கு இன்னொரு குணமும் உண்டு, பெற்றோர் அறியவேண்டியது. வட்டமாக நறுக்கிய சாசேஜ் துண்டு, சிறு குழந்தையின் மூச்சுக்குழாயில் தக்கையைப் போல் கச்சிதமாகப் பொருந்தி அடைத்துவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2010-இல் இதைக் குறிப்பிட்டே எச்சரித்தது. சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதானால் முதலில் நீளவாக்கில் கீறிவிட்டு, அப்புறம் பொடியாக நறுக்கவேண்டும்.

இப்போது ஊர்ப்பெயர்களுக்குத் திரும்பலாம். வியன்னாக் கதை இப்படி. ஃபிராங்க்ஃபர்ட்டில் அன்று பன்றிக்கறி வெட்டுகிறவர்களும் மாட்டுக்கறி வெட்டுகிறவர்களும் தனித்தனித் தொழிற்குழுக்கள்; ஒருவர் மற்றவர் கறியைத் தொட அனுமதியில்லை. அங்கே தொழில் கற்ற யோஹான் கியோர்க் லாஹ்னர் என்பவர் வியன்னாவில் குடியேறினார். அங்கே அந்தக் கட்டுப்பாடு இல்லை. 1805-இல் இரண்டு கறியையும் கலந்து சாசேஜ் செய்து, தான் தொழில் கற்ற ஊரின் பெயரில் விற்றார். அது வியன்னாவிலிருந்து ஜெர்மனிக்குத் திரும்பி வந்தபோது, அங்கிருந்தவர்கள் அதை வியன்னாவுடையது என்று அழைத்தார்கள். விற்பவர் எங்கிருந்து வந்தாரோ அந்த ஊர்ப்பெயர் பண்டத்தில் ஒட்டிக்கொள்ளும் வழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அமெரிக்கா போனதும் அது வேகமெடுத்தது. பால்மமாக்கி, நைட்ரைட் சேர்த்து, புகையூட்டி, தொழிற்சாலையிலேயே வேகவைத்து வருகிற பண்டம் இது. கடைக்காரர் சமைக்கவே வேண்டாம், சுடவைத்தால் போதும். ஒரு தள்ளுவண்டி, ஒரு வெந்நீர்த் தொட்டி, கொஞ்சம் பன். தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம், உட்கார இடம் வேண்டாம். மொழி தெரியாத, முதலில்லாத, சமையல் பழக்கம்கூட இல்லாத ஒருவர் கப்பலிலிருந்து இறங்கி மறுவாரமே தொடங்கக்கூடிய தொழில். இறைச்சி வேதியியல் அந்த மனிதருக்காக முக்கால்வாசி வேலையை முன்கூட்டியே முடித்து வைத்திருந்தது.

ஜெர்மனியிலிருந்து வந்த சார்ல்ஸ் ஃபெல்ட்மேன் 1867 வாக்கில் கோனி ஐலண்டில் தள்ளுவண்டியில் இதை விற்கத் தொடங்கி, பிற்காலத்தில் பெரிய உணவகம் ஒன்றுக்கே அதிபரானார். அவரிடம் பன் நறுக்கும் வேலை பார்த்தவர் போலந்திலிருந்து வந்த யூத இளைஞர் நேதன் ஹேன்ட்வெர்க்கர். 1916-இல் அவர் தனிக்கடை போட்டு, ஃபெல்ட்மேன் 10 சென்டுக்கு விற்றதை 5 சென்டுக்குத் தந்தார். இவ்வளவு மலிவாக விற்றால் உள்ளே என்ன கறியோ என்று சனங்கள் சந்தேகப்பட, வெள்ளைக் கோட்டு போட்ட ஆட்களைக் கடைவாசலில் நின்று சாப்பிடவைத்து, மருத்துவர்களே இங்கே சாப்பிடுகிறார்கள் என்று நம்பவைத்தார் என்றொரு கதை உண்டு. கதை எப்படியோ, சந்தேகம் நியாயமானது. சிக்காகோ இறைச்சித் தொழிற்சாலைகளின் அசிங்கத்தை அப்டன் சின்க்ளேரின் ‘தி ஜங்கிள்’ நாவல் 1906-இல் அம்பலப்படுத்தி, இறைச்சிப் பரிசோதனைச் சட்டமே வந்து பத்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1920-இல் நகர ரயில் கோனி ஐலண்டுக்கு நேராக ஓடத் தொடங்கியது. ரயில் கட்டணம் 5 சென்ட், ஹாட் டாக் 5 சென்ட். மில்லியன் கணக்கான தொழிலாளர்கள் கடலைப் பார்க்க வந்தார்கள்.

‘ஹாட் டாக்’ என்ற பெயரும் சந்தேகத்தில் பிறந்ததுதான். சாசேஜுக்குள் நாய்க்கறி இருக்கிறதென்பது 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பழகிப்போன கேலி. ஒரு விளையாட்டு மைதானத்தில் கேலிச்சித்திரக்காரர் ஒருவர் இந்தப் பெயரை வைத்தார் என்று பல புத்தகங்கள் சொல்லும். பழைய செய்தித்தாள்களைத் துழாவியவர்கள் அது பொய் என்று காட்டிவிட்டார்கள். 1892-இலேயே பாட்டர்சன் நகரத்துப் பத்திரிகையில் அந்தச் சொல் இருக்கிறது. 1895-இல் யேல் பல்கலைக்கழக மாணவர் இதழிலும் வந்துவிட்டது.

தோலுக்கும் இந்தக் காலத்தில்தான் மாற்று வந்தது. 1925-இல் சிக்காகோவில் எர்வின் ஃபிராய்ண்ட் என்பவர் பருத்தியின் குறுநார்களிலிருந்து செல்லுலோஸ் குழாய் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்குள் பால்மத்தை நிரப்பி வேகவைத்தால், மேற்பரப்பில் புரதம் தானே இறுகி ஆடை கட்டுகிறது. செல்லுலோஸை உரித்து எறிந்துவிடலாம். அப்படிச் செய்த சாசேஜெல்லாம் ஒரே நீளம், ஒரே பருமன், ஒரே எடை. அவற்றில் பழைய ‘டப்’ போய்விட்டது; எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் இந்தச் சீர்மைதான் ஹாட் டாக்கை வெற்றுப் பலகையாக்கியது. உள்ளே இருப்பது எங்கும் ஒன்றுபோல் இருப்பதால், ஊருக்கு ஊர் வேறுபடுவதெல்லாம் மேலே விழுவதில்தான்.

மேலே விழுந்தவற்றில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் கிரேக்கர்களுடையது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் கிரேக்கத்தின் வறண்ட கிராமங்களிலிருந்தும் பக்கத்து மாசிடோனியாவிலிருந்தும் பல லட்சம் பேர் அமெரிக்கா வந்தார்கள். நியூயார்க்கில் இறங்கி, அங்கே ஹாட் டாக் விற்பதைப் பார்த்து, உள்நாட்டுத் தொழில் நகரங்களுக்குப் போனார்கள். 1914-இல் ஃபோர்டு தொழிற்சாலை நாளுக்கு 5 டாலர் கூலி அறிவித்ததும் டெட்ராய்ட்டில் ஆள் குவிந்தது. ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு நின்றபடி, நிமிடத்தில், சூடாக ஏதாவது வேண்டும். அங்கே 1917 முதல் கோனி விற்கிறார்கள். விற்றவர் கையில் இருந்தது நியூயார்க்கின் பண்டம். மனதில் இருந்தது பட்டையும் மசாலாவும் போட்டுக் கொத்துக்கறி சமைக்கும் சொந்த ஊர்க் குழம்பு. அந்தக் குழம்பைச் சாசேஜின் மேல் ஊற்றினார். தன் ஊர்ப்பெயரை வைத்தால் அமெரிக்கத் தொழிலாளிக்கு அது வாயில் நுழையாது. ஆகவே அவனுக்குத் தெரிந்த, கேட்டதும் விடுமுறையும் கடலும் நினைவுக்கு வரும் கோனி ஐலண்டின் பெயரை வைத்தார்.

இதே காரியம் ஊர்தோறும் நடந்தது. சின்சினாட்டியில் கிராட்ஜியெஃப் சகோதரர்கள் 1922-இல் தொடங்கிய கடையின் குழம்பில் பட்டையும் கிராம்பும் மணக்கும். அதை ஊற்றிய சாசேஜின்மேல் துருவிய செடார் சீஸைக் குன்றுபோல் குவிப்பார்கள். பாட்டர்சனில் கிரேக்கர்கள் தங்கள் காரக் குழம்புக்கு, காரம் என்றாலே அமெரிக்கருக்கு நினைவு வரும் டெக்சஸைத் துணைக்கழைத்தார்கள். ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் கிரேக்கக் குடும்பங்களின் கடைகளில், கடைக்காரர் இடது முன்கையை நீட்டி மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பன்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு, வலது கையால் ஒவ்வொன்றிலும் சாசேஜ், கடுகு, குழம்பு, வெங்காயம், செலரி உப்பு என்று மின்னலாகப் போட்டு முடிப்பார். வெளியே பலகையில் நியூயார்க். உள்ளே குழம்பில் கிரேக்கம். கிரேக்கம் என்ற சொல் மட்டும் எங்கும் இருக்காது. சோறு போட்ட ஊரின் பெயரை முன்னால் நிறுத்திவிட்டுத் தன் ஊரைக் குழம்பில் கரைத்துவைத்த அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

சிக்காகோ வேறு வழியில் போனது. 1893-இல் அங்கே நடந்த உலகக் கண்காட்சியில் ஆஸ்திரிய-ஹங்கேரியிலிருந்து வந்த இருவர் சாசேஜ் விற்றார்கள். அவர்கள் வளர்த்த நிறுவனம் இன்றுவரை வியன்னா என்ற பெயரைத்தான் தாங்குகிறது. சாசேஜ் முழுக்க மாட்டிறைச்சி. பன்றியைத் தொடாத யூதக் குடும்பங்கள் நகரத்தில் ஏராளம். 1929-இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு, ஐந்து சென்டில் ஒரு வேளைச் சாப்பாடாக அதை மாற்றிக் காட்டினார்கள் மேக்ஸ்வெல் தெரு வியாபாரிகள். கசகசா தூவிய பன், மஞ்சள் கடுகுச் சாந்து, பளீரென்ற பச்சை நிற வெள்ளரி ரெலிஷ், வெங்காயம், தக்காளித் துண்டுகள், நீளமாகக் கீறிய வெள்ளரி ஊறுகாய், காடியில் ஊறிய சின்னப் பச்சைமிளகாய்கள், முடிவில் செலரி உப்பு. தோட்டத்தில் புரட்டி எடுத்தது என்று அந்த ஊர்க்காரர்களே சொல்லிக்கொள்வார்கள். கெட்சப் மட்டும் கூடாது. கேட்டால் முகம் சுளிப்பார்கள். பிடிவாதம்போல் தோன்றினாலும் அதில் ருசிக் கணக்கு இருக்கிறது: புளிப்புக்குத் தக்காளியும் ஊறுகாயும், இனிப்புக்கு ரெலிஷும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன, கெட்சப்பின் சர்க்கரை மேலே விழுந்தால் மிளகாயும் கடுகும் அமுங்கிப்போகும்.

ஏழையின் இந்தப் பண்டம் ஒருமுறை ராஜதந்திரமும் செய்தது. 1939 ஜூன் 11 அன்று, ஹைட் பார்க்கில் தன் வீட்டு விருந்தில், அதிபர் ரூஸ்வெல்ட் பிரிட்டிஷ் அரசர் ஆறாம் ஜார்ஜுக்கு ஹாட் டாக் பரிமாறினார். மறுநாள் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் அதுவே செய்தி. இரண்டாம் உலகப் போர் தொடங்க மூன்று மாதம்கூட இல்லை; அமெரிக்க மக்களின் பரிவு பிரிட்டனுக்கு மிகவும் தேவைப்பட்ட நேரம்.

அமெரிக்காவுக்கு வெளியே போன ஹாட் டாக், போன இடத்து மண்ணைத் தின்று வளர்ந்தது. ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் துறைமுகத்தருகே 1937 முதல் இருக்கும் சின்னக் கடையில் சாசேஜின் பெரும்பகுதி ஆட்டிறைச்சி, ஏனென்றால் அந்தக் குளிர் நாட்டுப் புல்வெளியில் பெருகுவது ஆடுதான். ‘எல்லாம் போட்டு ஒன்று’ என்று அவர்கள் மொழியில் கேட்டால் பச்சை வெங்காயமும் பொரித்த வெங்காயமும் இரண்டும் சேர்த்துத் தருவார்கள். ஒன்று சுருக்கென்று, மற்றது மொறுமொறுவென்று. சிலியின் ‘கொம்ப்ளேட்டோ’வில் ஜெர்மானியக் குடியேறிகளின் புளித்த முட்டைக்கோஸ் இருக்கும். அதன் தம்பி ‘இத்தாலியானோ’வில் மசித்த அவகாடோ, மயோனைஸ், தக்காளி: பச்சை, வெள்ளை, சிவப்பு. இத்தாலியக் கொடியின் நிறங்கள், அவ்வளவுதான் இத்தாலிக்கும் அதற்கும் உள்ள தொடர்பு. அவகாடோவோ அச்சு அசல் லத்தீன் அமெரிக்கச் சரக்கு.

இந்தப் பெயர் விளையாட்டில் ஓர் ஊர் மட்டும் உண்மை பேசுகிறது என்று நினைத்தேன். அரிசோனாவின் டூசான் நகரில் சாசேஜின் மேல் பேக்கனைச் சுற்றிச் சுட்டு, மேலே கீறிய மெக்சிகோ ரொட்டிக்குள் வைத்து, பின்டோ பயறு, தக்காளி, வெங்காயம், மயோனைஸ், கடுகு, மிளகாய்ச் சாறு என்று நிரப்புகிறார்கள். சுற்றிய பேக்கனின் கொழுப்பு உருகிச் சாசேஜை உலராமல் காக்கும்; 100 டிகிரிக்கு மேல் போக முடியாத அவியலில் கிடைக்காத வறுத்த மணம் முழுவதும் பேக்கனில் ஏறும். பெயர் ‘சோனோரா ஹாட் டாக்’. எல்லைக்கு அப்பால் இருக்கும் மெக்சிகோவின் சோனோரா மாநிலத்திலிருந்துதான் அது உண்மையிலேயே வந்தது, குறிப்பாக ஹெர்மோசியோ நகரத்திலிருந்து. டூசானில் ஒரு தள்ளுவண்டியாகத் தொடங்கிய இப்படியொரு கடைக்கு 2018-இல் அமெரிக்க உணவுலகின் உயரிய ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது.

அப்படியானால் ஹெர்மோசியோவில், பிறந்த மண்ணில், மாலையில் பல்கலைக்கழகத்தின் அருகே வரிசையாக நிற்கும் வண்டிகளில் மாணவர்கள் இதை என்ன சொல்லிக் கேட்கிறார்கள்? ‘டோகோ’ என்று. நாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எடுத்து, ஸ்பானிய வால் ஒட்டிய பெயர்.